பெரியப்பாவின் சிறுகுழல் துப்பாக்கி



துப்பாக்கி என்றதும் இன்றைய மாணவர்களுக்குக் கைப்பேசி விளையாட்டே நினைவுக்கு வருகிறது. சுட்டால் எதிரி விழுவான். அடுத்த ஆட்டத்தில் எழுந்து நிற்பான். கேரி தீவில் பணியாற்றும் எனக்கோ அச்சொல் தோட்டப்புற வாழ்வை நினைவூட்டுகிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத் துரைமாரும் காவலர்களும் ஆயுதத்தோடு நடமாடியதை நம் முன்னோர் கண்டுள்ளனர். பின்னாளில், பயிரைக் காக்க உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்த சிறு விவசாயிகளும் இருந்தனர். அவர்களுள் என் பெரியப்பாவும் ஒருவர்.

செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அவர், பந்திங் பக்கம் சிறு தென்னந்தோப்பு வைத்திருந்தார். அவரிடம் இருந்தது ஒற்றைக்குழல் கொண்ட பழைய ஆங்கிலேயத் துப்பாக்கி. ‘ஃபோர் டென்’ என்பார்கள். குழலின் உள்விட்டம் 0.410 அங்குலம், அதாவது ஏறக்குறைய 10.4 மில்லிமீட்டர். பரவலாகப் பயன்படும் 12 போர் துப்பாக்கியின் குழலோ ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழலின் அளவுக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதனால்தான் அது 12 போர். கணிதப் பாடத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு அல்லவா?

கடற்காற்றில் அத்துப்பாக்கி துருவேறிக் கிடந்தது. அணில் தொல்லை மிகுந்த ஓராண்டில் பெரியப்பா அதைச் சீர்செய்ய முனைந்தார். இரும்புப் பகுதியில் அவர் கை வைக்கவில்லை. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றார். அவர் முதலில் தேடியது குழலில் பொறித்த சோதனை முத்திரையை. 1813இல் நிறுவப்பட்ட பிர்மிங்காம் சோதனை நிலையம், வழக்கத்தைவிட மிகுந்த மருந்தேற்றிச் சுட்டுப் பார்த்துத் தாங்கிய குழலுக்கே முத்திரை இடும். பிறகு தோட்டா அமரும் அறையை அளந்தார். “இது இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு உரியது. இப்போது வரும் மூன்று அங்குலத் தோட்டாவும் உள்ளே நுழையும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடம் போதாது. அழுத்தம் கூடி ஆபத்தாகும்,” என்றார். நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது என்பதை அன்று அறிந்தேன்.

துருவை நீக்கி, தளர்ந்த வில்லை மாற்றிக் கொடுத்தார். மரக்கட்டைக்கு மட்டும் பெரியப்பா ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவினார். ஒரு பூச்சு நன்கு காய்ந்த பின்னரே அடுத்தது. அவசரப்பட்டால் பிசுபிசுப்பே மிஞ்சும்.

அப்பருவம் முழுவதும் அதைப் பயன்படுத்தினார். தோப்புக்குள் நடக்கையில் குழலை மடக்கித் திறந்தே வைத்திருப்பார். தோட்டா இல்லை என்பதை எவரும் காணலாம். பின்னால் வீடோ பாதையோ இருந்தால், அணில் கண்முன் நின்றாலும் சுடமாட்டார். பல நாள்களில் ஒரு தோட்டாவும் செலவாகாமல் திரும்பினார்.

பருவம் முடிந்ததும், பளபளத்த அத்துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போவதாக அறிவித்தார். அண்ணன் கலங்கிப் போனார். “அப்பா, இது நம் பரம்பரைச் சொத்தாயிற்றே! இவ்வளவு செலவு செய்தது இதற்காகவா?”

“உரிமத்தில் என் பெயர் மட்டும்தானப்பா இருக்கிறது. நான் போன பிறகு இது பரணில் கிடந்தால் உன்னைத்தான் கேட்பார்கள். துருப்பிடித்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் எனக்கு மரியாதை இல்லை.”

அவர் அச்சம் நியாயமானது. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதத்திற்கு உரிமம் வேண்டும். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டம் 14 ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. தந்தையின் நினைவுப்பொருள் மகனின் வாழ்வைக் குலைத்துவிடக்கூடும். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே காரை ஓட்டிச் சென்றார்.

பெற்றோர்களே, பிள்ளை துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் அதட்டி அடக்க வேண்டாம். சிறுவன் சாலிம் அலி காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஒரு குருவியைப் பற்றி எழுப்பிய கேள்வியே அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அழைத்துச் சென்றது. பின்னர்ப் பறவையியல் அறிஞராக்கியது. நாமும் கேட்க வைப்போம்: இதன் பின்னால் என்ன இருக்கிறது? இதற்குப் பொறுப்பு யார்? எப்போது கீழே வைப்பது? இம்மூன்றையும் கற்ற பிள்ளையின் கையில் எந்தக் கருவியும் பாதுகாப்பாக இருக்கும்.