எந்தத் தண்ணிக்கு?

ஞாயிறு

இந்த மாதச் சாமானில் குளிக்கிற சோப்பு, பாத்திரச் சோப்பு, ஷாம்பு, பற்பசை, மஞ்சள்தூள், தேங்காய் எண்ணெய், கொசுமருந்து எல்லாவற்றிலும் இரண்டு மூன்று தினுசு வாங்கியாயிற்று. எல்லாம் எட்டாம் வகுப்பு படிக்கும் மூத்தவளின் ஏற்பாடு. அகமதாபாத்தில் 1978-இல் தொடங்கிய நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் சொந்த ஆய்வகம் வைத்துக் கடைப் பொருள்களைச் சோதித்து வெளியிடுவதைப் பற்றி எங்கோ படித்திருக்கிறாள். அவர்களுக்கு ஆய்வகம் என்றால் நமக்கு அடுக்களை என்கிறாள்.

உறைகளைக் கழற்றி, ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு, அடியில் எண் ஒட்டியிருக்கிறாள். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்கிற தாள் அவள் பைக்குள். கொசுமருந்தை மட்டும் உறையோடு விடச் சொன்னேன். சின்னவன் இருக்கிற வீட்டில் விஷத்துக்கு வேறு டப்பா கூடாது. இன்னொரு விதியும் நான் போட்டது: பொருளைக் கையாளுகிறவர்தான் மதிப்பெண் போட வேண்டும், காசு கொடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. “அப்போ எனக்கு என்ன வேலை?” என்றார் இவர். பில்லைக் கூட்டுகிற வேலை என்றேன்.

செவ்வாய்

குளிக்கிற சோப்பில் தொடங்கினோம். உறையின் முன்பக்கத்தில் ரோஜா, பால், சந்தனம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம், அதாவது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்பு. இந்தியத் தர அமைவனத்தின் கணக்குப்படி 76 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். ‘டாய்லெட் சோப்’ என்று போட்டுக்கொள்ள இந்த மூன்றில் ஒன்றில் நிற்க வேண்டும். நிற்காதது ‘பாத்திங் பார்’ என்ற பெயரில் வருகிறது. அதற்கு 40 சதவீதம் இருந்தாலே போதும். எங்கள் குளியலறைத் தட்டில் ஆண்டுக்கணக்காக இருந்தவற்றில் சரிபாதி பாத்திங் பார். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்று.

எனக்கு அதோடு முடிந்துவிட்டது, முதல் தரத்தை வாங்கிவிட வேண்டியதுதான். மூத்தவள் விடவில்லை. முதல் தரச் சோப்பைத் துருவி இரண்டு பாட்டில்களில் போட்டாள். ஒன்றில் முன்வாசல் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர், மற்றதில் புறவாசல் போர் தண்ணீர். மூடிக் குலுக்கினாள். ஆற்றுத் தண்ணீர் பாட்டிலில் கழுத்து வரை நுரை. போர் தண்ணீரில் நுரை கொஞ்சநேரம் தலைகாட்டிவிட்டு அடங்கிப்போயிற்று. மேலே மோர் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பி.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு, கரையாத பொருளாகி ஒதுங்கிவிடுகின்றன. அவ்வளவும் ஒதுங்கி முடிந்த பிறகு மிஞ்சுகிற சோப்புதான் அழுக்கைத் தொடும். பக்கெட்டின் விளிம்பில் படியும் வெள்ளை வளையமும், குளித்த பிறகும் தோலில் நிற்கும் பிசுக்கும் அந்தத் திப்பிதான். காசு கொடுத்து வாங்கிய கொழுப்பில் ஒரு பங்கைத் தண்ணீருக்கே தாரைவார்க்கிறோம்.

அத்தை பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். “ஏட்டி, ஆத்துத் தண்ணிக்கு எந்தச் சோப்பும் நுரைக்கும். இதுக்குப் போயி பாட்டிலக் குலுக்குதியாக்கும்.” அத்தைக்குப் பிறந்த ஊர் சேரன்மகாதேவி. வாழ்க்கைப்படும் வரை ஆற்றைத் தவிர வேறெங்கும் குளித்ததில்லை.

வியாழன்

பாத்திரச் சோப்பில் கட்டி, பொடி, திரவம் மூன்றும் களத்தில். கையாளுகிறவர் வேலைக்கு வருகிற அக்கா. “எனக்கு மார்க்குப் போடத் தெரியாதும்மா” என்று முதலில் சிரித்தார். பிறகு அவர் சொன்னதை எழுதி முடிக்க மூத்தவளுக்கு ஒரு பக்கம் போதவில்லை.

பொடி எண்ணெய்ச் சட்டிக்கு நல்லது, ஆனால் எவர்சில்வரில் கீறல் விழும். கட்டி நல்லதுதான், டப்பாவில் தண்ணீர் தேங்கினால் பாதி கரைந்து சாக்கடைக்குப் போகும். அடியில் ஓட்டை போட்ட டப்பா வேண்டும். திரவத்தை நேராகப் பஞ்சில் ஊற்றினால் கணக்கே நிற்காது, கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கலக்கித் தொட்டுக்கொள்ள வேண்டும். இதில் ஒன்றுகூட விளம்பரத்தில் வராத சேதி.

மூன்றில் எது என்று கேட்டபோது அக்கா தன் கையை விரித்துக் காட்டினார். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து வெடித்திருந்தது. மூன்று வீட்டுப் பாத்திரம் ஒரே கையில். “இதுல எது எரியலையோ அது நல்லதும்மா.” அது திரவம். நானோ ஒரு பாத்திரத்துக்கு எத்தனை காசு ஆகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் கைக்கு இடமே இல்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: “எந்த டப்பாவா இருந்தாலும் முன்வாசல் தண்ணி கொண்டாந்தா நல்லாத்தான் போகும். போர் தண்ணில கழுவுனா காஞ்ச பொறவு வெள்ளை வெள்ளையாப் புள்ளி நிக்கி, திரும்பத் தேய்க்க வேண்டிக் கெடக்கு.”

வெள்ளிக்கிழமை என்றால் குத்துவிளக்கு. இன்றே தேய்த்து வைத்துவிட்டோம். பித்தளைக்கென்று கடையில் விற்கும் பொடி ஒரு விளக்குக்கு, பழம்புளி மற்றதற்கு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையிலுள்ள செம்பின் மேல் ஏறிய கருப்பைக் கரைத்துவிடுகிறது. இரண்டு விளக்கும் ஒரே பளபளப்பு. புளி ஏற்கெனவே வீட்டில் இருப்பதால் பொடியைச் சீட்டிலிருந்து அடித்தாயிற்று.

வெள்ளி

ஷாம்பு. நம் மாநிலத்துக்கு இதில் தனிச் சரித்திரமே உண்டு. திரவங்களைச் சின்னஞ்சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று தொடக்கத்திலேயே செய்து பார்த்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன்கள் காலத்தில்தான் வெல்வெட்டும், பிறகு 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக்கும் பெட்டிக்கடைச் சரங்களில் தொங்கின. பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்கும் ஷாம்பு போனது அந்தச் சரத்தின் வழியாக.

2021-இல் திருத்திய பொட்டலப் பொருள் விதிகளின்படி, கிராமுக்கு அல்லது மில்லிக்கு எவ்வளவு விலை என்று உறையில் அச்சிட வேண்டும். பாட்டிலில் இருந்தது, சின்னப் பாக்கெட்டில் இல்லை. மூத்தவளே கணக்குப் போட்டாள். ஒரே பெயர், ஒரே மணம். பாக்கெட்டில் மில்லி 20 காசு, பாட்டிலில் 75 காசு. அதிகமாக வாங்கினால் மலிவு என்பது அரிசிக்கும் பருப்புக்கும் உள்ள நியாயம். ஷாம்புக் கடைக்காரனுக்கு வேறு நியாயம். ஒரு ரூபாயைத் தாண்டினால் பாக்கெட் நகராது என்று அவனுக்குத் தெரியும், பாட்டில் வாங்குகிறவர் மில்லிக் கணக்குப் பார்க்கமாட்டார் என்பதும் தெரியும்.

பாக்கெட்டே போதும் என்று இவர் தீர்ப்புச் சொல்லப் பார்த்தார், விதியை நினைவூட்டினேன். கிழித்துப் போட்ட பாக்கெட் பல அடுக்குப் பிளாஸ்டிக். பழைய பேப்பர்காரர் கையால்கூடத் தொடமாட்டார். மலிவில் மிஞ்சுகிற காசு சாக்கடை அடைப்பில் போகிறது. மில்லிக்கு விலை குறைந்த பெரிய பாட்டில் எது என்று தேடுவதாக முடிவு.

அத்தை சீயக்காய்க் கட்சி. போர் தண்ணீரில் சோப்பு திரியும்போது சீயக்காய் எப்படி நுரைக்கிறது என்று மூத்தவள் மறுபடியும் பாட்டிலை எடுத்தாள். திப்பி கட்டவில்லை. சீயக்காயில் நுரை தருவது சபோனின். சோப்பைப் போல அது கால்சியத்திடம் மாட்டிக்கொள்வதில்லை. கிணற்றுத் தண்ணீர் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகச் சீயக்காய் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் சின்னவன் பூஜ்யம் போட்டான். அவன் மார்க்கும் மார்க்குதான்.

ஞாயிறு

பற்பசை. இன்றைக்கு நடுவர் சின்னவன். இனிப்பாக இருந்ததற்கெல்லாம் பத்துக்குப் பத்து.

டியூபின் அடியிலுள்ள வண்ணக் கட்டம் பற்றி இவருக்கு வாட்ஸப்பில் வந்த சேதி ஒன்று உண்டு: பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம். அது தொழிற்சாலை எந்திரத்துக்கான குறி. டியூபை எங்கே வெட்டி மடிக்க வேண்டும் என்று ஒளியுணர்விக்குக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. பார்க்க வேண்டியது ஃபுளோரைடு அளவு. இந்தியாவில் அதற்கு மேல்வரம்பு 1000 பி.பி.எம். சின்னப் பிள்ளைக்கு ஒரு பட்டாணி அளவு பசை போதும். பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்குவது விளம்பரப் படத்துக்கு அழகு.

ஃபுளோரைடு இருந்தால் நல்லதா, கெட்டதா என்று கேட்டாள் மூத்தவள். நம் பாளையங்கோட்டையில் ஒரு பதில், தர்மபுரியில் வேறு பதில். அங்கே நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறை ஏறி எலும்பு வரை பாதித்த ஊர்கள் இருந்ததால்தான் காவிரியிலிருந்து குடிநீர் கொண்டுபோகும் ஒகேனக்கல் திட்டமே வந்தது. பற்பசையையும் தண்ணீரைக் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

அத்தை ரோஸ் நிறப் பல்பொடியை விடவில்லை. இலங்கை வானொலியில் அதன் விளம்பரம் கேட்டு வளர்ந்த தலைமுறை. அங்கே போட்டியே கிடையாது.

புதன்

அடுக்களைச் சோதனைகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டிலேயே செய்யும் கலப்படச் சோதனைகளை ‘டார்ட்’ என்ற பெயரில் புத்தகமாகப் போட்டிருக்கிறது. ஒரு தம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைத் தூவினால் நல்ல தூள் அடியில் படிந்து தண்ணீர் இளமஞ்சளாக நிற்கும். சாயம் ஏற்றியது தண்ணீரையே அடர்மஞ்சளாக்கும். எங்கள் இரண்டு மாதிரியும் தேறின. தேங்காய் எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் எண்ணெய் உறைந்துவிடும், கலந்த வேறு எண்ணெய் தனி அடுக்காக நிற்கும். செக்கு எண்ணெயும் பாக்கெட் எண்ணெயும் ஒன்றுபோல உறைந்தன.

வாசனையில் மட்டும் செக்கு எண்ணெய் ஜெயித்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டே எடுத்துக்கொடுத்துவிட்டார்கள். பொரிக்கப் பாக்கெட், தலைக்கும் அவியலுக்கும் செக்கு.

சனி

கொசுமருந்துக்கு நடுவர் எல்லோரும். சுருளை முதலிலேயே விலக்கியாயிற்று. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு சின்னவன் பக்கத்தில் அதைக் கொளுத்த மனம் வராது. பிளக்கில் செருகும் திரவம், ஊதுபத்தி, வலை மூன்றும் மிஞ்சின. ஊதுபத்தி உறையில் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இல்லை. உள்ளே என்ன மருந்து என்று யாருக்குத் தெரியும்? அதுவும் போயிற்று. திரவத்தைவிட வலை மேல் என்பது மூத்தவள் தீர்ப்பு, புழுக்கம் என்பது இவர் மறுப்பு.

ஆனால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது. ராத்திரி மருந்தும் ராத்திரி வலையும் அதை என்ன செய்யும்? அது முட்டையிடுவது நல்ல தண்ணீர்த் தொட்டியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரோடு ஒட்டி. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் முட்டை போகாது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருந்து, மறுபடி நீர் நிறைந்ததும் பொரியும். பொரிந்தது கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டிச் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். இதற்கு உறையும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. தொட்டி தேய்ப்பது இனி இவர் பொறுப்பு.

ஞாயிறு

மூத்தவள் பெயர்த் தாளை விரித்தாள். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று கேட்கும் ஆவல் யாருக்கும் அவ்வளவாக இல்லை. அவள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் தண்ணீர் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சோப்புக் கம்பெனி சோப்பைத்தான் விற்கிறது. அது எந்தத் தண்ணீரில், யார் கையில் கரையப்போகிறது என்று அதற்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

பிளம்பரை வரச்சொல்லி, முன்வாசல் தொட்டியிலிருந்து புறவாசலுக்கு ஒரு குழாய் இழுத்தாயிற்று. முக்கால் இஞ்ச் பைப், இரண்டு எல்போ, ஒரு பித்தளைக் குழாய், கூலி என்று பில்லின் கடைசியில் சேர்த்து எழுதினார் இவர். ஆற்றுத் தண்ணீர் தினமும் வருவதில்லை என்பதால் அக்காவே ஒரு பங்கீடு சொல்லிவிட்டார்: எச்சில் கழுவப் போர் தண்ணீர், சோப்புப் போட்ட பிறகு ஆற்றுத் தண்ணீர். சாயந்திரம் தட்டுகள் புள்ளியில்லாமல் காய்ந்திருந்தன. திரவத்தில் பாதி போதும் என்கிறார். அடுத்த மாதச் சீட்டில் ஒரு பாட்டில் குறைத்து எழுதி, மிஞ்சுகிற காசில் அவருக்கு ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்க வேண்டும். அளவு கேட்டு வைத்திருக்கிறேன்.