திருவண்ணாமலையில எங்க?

ஊர் பெயரைச் சொன்னதும் "அங்க எங்க?" என்று கேட்பார்கள். கிரிவலம் வந்துபோனவர்கள் ஆசையாகக் கேட்பதுண்டு. வேறு சிலர் தெருப் பெயர் வரும்வரை விடமாட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

எம்.ஏ. சமூகவியல் முடித்த கையோடு, சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் ஆய்வேட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. பிறகு, "திருவண்ணாமலையில எங்கம்மா? டவுனா? அப்பா என்ன பண்றார்?" செங்கம் பக்கம் ஒரு கிராமம், காலனி, அப்பாவுக்குக் கூலி வேலை என்றேன். ஒருவர் குறித்துக்கொண்டார். கடைசியில், "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணும் இல்ல சார்."

வேலை கிடைத்தது. திட்ட ஒருங்கிணைப்பாளர் என்று பதவி. செய்ததெல்லாம் காலனி காலனியாகப் போய்க் கணக்கெடுத்ததுதான். அறிக்கை எழுதவும் நன்கொடையாளர்களைச் சந்திக்கவும் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் போனார்கள். அலுவலகத்தில் டீ போடும் அக்காதான் ஒருநாள் சொன்னார்: எனக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்த இரண்டு பேரும் காலனிப் பிள்ளைகள், இருவரும் சேர்ந்த பதவியிலேயே இருந்து விலகிப் போனவர்கள். "இந்த வேலையில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இது என் ஒருத்தியின் மனக்குறை அல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். பத்திரிகையில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது, முஸ்லிம் பெயர்களுக்கு அதைவிடக் குறைவு. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமைதான் என்று சொன்ன அதே வாய்கள் 'குடும்பப் பின்னணி' முக்கியம் என்றன. நம் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். பெயரில் கிடைக்காததை ஊரிலும் தெருவிலும் தேடுகிறார்கள், அவ்வளவுதான்.

அரசு வேலையில் 69 விழுக்காடு இடஒதுக்கீடாவது இருக்கிறது. தனியாரில் அதுவும் இல்லை. அங்கே நாம் கேட்கிற கேள்விதான் கையிலிருக்கும் ஒரே கருவி. முன்பு இருந்தவரைப் பற்றிக் கேளுங்கள். பதவி உயர்வை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேளுங்கள். நியமன ஆணையில் பதவியும் வேலையும் எழுத்தில் வருமா, பி.எஃப். எந்த மாதத்திலிருந்து என்று கேளுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆண்களும் கேட்கலாம். பதில் சொல்லத் தடுமாறினால் மற்ற புகார்களின் கதியும் தெரிந்துவிடும். சாதிப் பாகுபாடு பற்றிய விதி எழுத்தில் உண்டா என்பது கடினமான கேள்வி. ஆனால் ஆப்பிள் நிறுவனமே தன் நடத்தை விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறது. கேட்கக்கூடாத கேள்வியல்ல.

மாலை வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தங்கை கேட்டாள்: "இதெல்லாம் கேட்டா வேலை போயிடாதாக்கா?"

போகலாம். பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் கடன் கழுத்தை நெரிக்கும்போது வாயை மூடிக்கொண்டு சேருவது குற்றமில்லை, நானும் அப்படித்தான் சேர்ந்தேன். அப்படியானால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போ, முன்பு இருந்தவரைப் பற்றிய கேள்வி யாரையும் கோபப்படுத்தாது என்றேன்.

போன வாரம் பெங்களூரில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. கேட்டிருக்கிறாள். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்களாம். அழைப்பு இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை செய்யாறு சிப்காட்டில் இன்னொன்று இருக்கிறது. அதற்கு இரண்டு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள்.