மாட்டுக்கொட்டிலில் ஒரு கோப்பிக்கடை

ஏழாலையில் எங்கட அம்மம்மா வீட்டு மாட்டுக்கொட்டில் இப்போது ஒரு கோப்பிக்கடை. இதை வாசிக்கிற சிலபேர் அங்கே வந்து படம் எடுத்துப் போட்டும் இருப்பீங்கள். கடையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. விளம்பரமாகவும் வேண்டாம், சண்டையாகவும் வேண்டாம். ஆனால் அதன் மெனு அட்டையை எழுதினது நான்தான். அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முதல் கொட்டிலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

மாமா ரொறன்ரோவில் கனகாலம் இருந்தவர். போன வருசம் வந்து ஆறு மாதம் நிண்டார். வந்த அடுத்த நாள் வளவைச் சுற்றி நடந்தவர், வீட்டைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கொட்டிலுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். மாடு வித்துப் பத்துப் பதினைந்து வருசம். உள்ளே சைக்கிள் ரிம், உடைந்த இறைப்பு மெசின், உரப்பைகள், அடை கிடந்த ஒரு கோழி. "இது எவ்வளவு வடிவான கட்டடம் எண்டு உங்களுக்கு விளங்கேல்லை" என்றார். போனை எடுத்துக் காட்டினார். கனடாவிலும் இங்கிலாந்திலும் வைக்கோலும் மாடும் கிடந்த பெரிய மரக் கொட்டில்கள் வீடாகவும் கடையாகவும் மாறின படங்கள். உயரக் கூரை, பழைய தீராந்தி, கண்ணாடிச் சுவர், அதற்குள் வெள்ளைச் சோபா. இங்கிலாந்தில் 2014இல் விதியையே தளர்த்தி, தோட்டக் கட்டடங்களைச் சில நிபந்தனைகளோடு முழு அனுமதி எடுக்காமல் வீடாக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். அங்கே மாட்டுக்கொட்டிலில் குடியிருப்பது காசுள்ள ஆக்களின் ஆசை. அம்மம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப மாடுகள் எங்க?" என்று மட்டும் கேட்டா.

எங்கட கொட்டில் அந்தப் படங்களில் இருக்கிற மாதிரி இல்லை. ஆறு பனங்குத்தி, அதன்மேல் பனையில் அரிந்த வளை, சிலாகை. நல்லா முற்றின பனை, கறுத்து இரும்பு மாதிரி இருக்கும், கறையான் லேசில் கிட்டப் போகாது. இடுப்பளவுக்குக் கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டின சுவர். அதன்மேல் காற்றுக்குத் திறந்து விட்டிருந்தது. கூரை பனையோலை. இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருக்கால் வேயவேணும். பிரித்த பழைய ஓலையை யாரும் எறிவதில்லை. தோட்டத்தில் புகையிலைக்கும் மிளகாய்க்கும் பசளையாகத் தாழ்த்துவார்கள். எரு ஒரு பக்கம், ஓலை ஒரு பக்கம் என்று கொட்டில் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அம்மம்மாவின் கணக்கில் அது ஒரு கட்டடமே இல்லை, தோட்டத்தில் ஒரு துண்டு.

மாமா குத்தியையும் வளையையும் தொடவில்லை. அதில் அவருக்கு நல்ல தெளிவு இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு குத்தி மட்டும் அடியில் உக்கியிருந்தது. பனை தறிக்க அனுமதி எடுக்க வேணும் என்பதால், உடைத்த வீடொன்றில் இருந்து பழைய குத்தி தேடி வாங்கினார். கூரைக்குத் தகரம் போட்டு, தகரம் தெரியாமல் மேலே ஓலை வேய்ந்தார். சாணி மெழுகின நிலம் பளபளப்பான சீமெந்து நிலமாகியது. கழனித்தொட்டி கைகழுவுகிற தொட்டியாகியது. மாடு கட்டின கட்டைகள் அப்படியே நிற்க, அதைச் சுற்றி மேசை. சுவரில் ஒரு வண்டில் சில்லு. எங்கட வளவில் வண்டில் இருந்ததே இல்லை, சில்லு காசுக்கு வாங்கினது. அலுமாரித் தட்டில் இரண்டு மூக்குப்பேணி, பார்வைக்கு.

நானும் சந்தோசமாகத்தான் கூட நின்றேன். கலைப்பீடத்தில் படிக்கிறதாலேயோ என்னவோ, பழைய கட்டடத்தை இடிக்காமல் வைத்திருப்பதே பெரிய விசயமாகப் பட்டது. மாமாவுக்கு நான் உதாரணங்கள் தேடிக் கொடுத்தேன். கொழும்பில் ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி 2011இல் கடைத்தொகுதியானது. கந்தப்பளையில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது. பழைய இயந்திரங்களில் சிலதை அங்கே அப்படியே வைத்திருக்கிறார்கள். லயன் காம்பராவையும் இப்படி மினுக்கி யாராவது படம் போட்டிருக்கிறார்களா என்று அப்போதே எனக்கு யோசனை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்களுக்குக் கிட்ட, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டை. சிறையாக இருந்தது, 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அடைத்த இடம். இப்போது கடற்படை அதை ஹோட்டலாக நடத்துகிறது. மாமாவுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஜெப்ரி பாவாவின் லுனுகங்கை. பாவா 1948இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் வாங்கின இறப்பர் தோட்டம் அது. அங்கே இருந்த மாட்டுக்கொட்டிலைத்தான் பிறகு ஓவியக்கூடமாக மாற்றினார். இப்போது அதில் காசு கொடுத்துத் தங்கலாம். "பாத்தியே, பாவாவே செய்திருக்கிறார்" என்று மாமா வாறவை போறவை எல்லாருக்கும் சொன்னார்.

திறப்பு விழா வைகாசியில். மாமாவின் யோசனை, பிளேன் ரீயைச் சிரட்டையில் கொடுப்பது. நன்றாகத் தேய்த்து எண்ணெய் பூசின சிரட்டை, கீழே மரவளையம். இருநூறு சிரட்டைக்கு ஓடர் கொடுத்திருந்தார். மெனு அட்டையில் நான் எழுதினேன்: "சிரட்டைத் தேத்தண்ணி. எங்கட முன்னோர் குடித்த மாதிரியே."

என்னோடு படிக்கிற பிள்ளைகள் ஏழு பேர் வந்தார்கள். எல்லாரும் சிரட்டையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒருத்தி மட்டும் அட்டையைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டு இருந்தாள். தேத்தண்ணி வந்ததும் தொடவில்லை. "எனக்குக் கோப்பையில தாங்கோ" என்று பரிமாறின தம்பியிடம் சொன்னாள். கோப்பை கோப்பிக்குத்தான், தேத்தண்ணிக்குச் சிரட்டைதான் என்று அவன் பழக்கின மாதிரிச் சொன்னான். அவள் சிரித்துவிட்டு, "அப்ப கோப்பி தாங்கோ" என்றாள். அரியண்டப்படுகிறாள் போல என்று நான் நினைத்தேன். சுத்தமானதுதான் என்று விளக்கமும் கொடுத்தேன். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

ஒரு கிழமைக்குப் பிறகு கன்ரீனில் அவளே கேட்டாள். "ஆரின்ர முன்னோர்?"

எனக்கு விளங்கவில்லை.

"அட்டையில எழுதியிருக்கிறியே, எங்கட முன்னோர் எண்டு. உங்கட வீட்டில ஆர் சிரட்டையில குடிச்சது?" கோபமாகக் கேட்கவில்லை. பரீட்சை நேர அட்டவணை கேட்கிற மாதிரிக் கேட்டாள். பிறகு சொன்னாள், அவளின் அப்பப்பா சாகுமட்டும் வீட்டில் சிரட்டையை வேறு ஒன்றுக்கும் பாவிக்க விடவில்லையாம். அகப்பை கூடச் செய்ய விடவில்லை. எரிக்க மட்டும்தான்.

நான் வரலாறு ஒரு பாடமாகப் படிக்கிற ஆள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்ததும், சட்டம் வந்து ஒன்பது வருசத்துக்குப் பிறகும் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதி ஆக்களுக்கு வேறு பாத்திரம், போத்தல், சிரட்டை என்று இருந்ததும் எனக்குத் தெரியும். 1966 ஒக்ரோபர் 21 அன்று சாதிக்கொடுமைக்கு எதிரான ஊர்வலம் தொடங்கினது சுன்னாகத்தில். எங்கட வீட்டில் இருந்து சைக்கிளில் பத்துப் பதினைந்து நிமிசம். பொலிஸ் அடித்தும் கலையாமல் யாழ்ப்பாணம் முற்றவெளி மட்டும் போனார்கள். அடுத்த வருசம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், அதற்கடுத்த வருசம் மாவிட்டபுரம் கோயில் வாசல். கே. டானியலின் 'பஞ்சமர்' என் மேசையிலேயே கிடக்கிறது. இவ்வளவும் தெரிந்த கையால்தான் அந்த வரியை எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் படித்த சிரட்டை ஒன்று, மாமா ஓடர் கொடுத்த சிரட்டை இன்னொன்று என்று மனசு தனித்தனியாக வைத்திருந்திருக்கிறது.

அன்று பின்னேரம் அம்மம்மாவிடம் போய்க் கேட்டேன், கொட்டிலடியில் யார் இருந்து சாப்பிட்டது என்று.

"தோட்டத்துக்கு வாற எல்லாரும்தான். நாங்கள் ஒருத்தரையும் பசியோட விடேல்லை."

"ஏன் வீட்டுக்குள்ள வரேல்லை?"

"அவைக்கு அங்கதான் வசதி."

"எதில குடிச்சவை?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "கூரை இறப்பில செருகிக் கிடக்கும். அவையே எடுத்து, அவையே கழுவி வைப்பினம்." பிறகு தானாகவே ஒருவரின் பேரைச் சொன்னா. தாத்தாவோடு நாற்பது வருசம் தோட்டம் செய்தவர், அம்மம்மாவை விட வயது கூடினவர். அவரை அம்மம்மா "அவன்" என்றுதான் சொன்னா. நல்லவன், களவு தெரியாதவன், தாத்தா செத்த அன்று படலையடியில் நின்று அழுதவன். படலையடியில்.

நான் அம்மம்மாவைக் கொடுமைக்காரி என்று எழுதவரவில்லை. என்னை வளர்த்தது அவதான். 1990இல் பலாலிப் பக்கம் இராணுவம் வெளிக்கிட்டு வலிகாமம் வடக்குச் சனம் ஓடிவந்தபோது, வசாவிளானில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு இந்தக் கொட்டிலைத் துப்புரவாக்கிக் கொடுத்ததும் அவதான். மாடுகளை வேம்புக்குக் கீழே கட்டினார்கள். ஐந்து பேர், ஐந்து வருசம், 1995 ஒக்ரோபர் 30 எல்லாருமாக வெளிக்கிட்ட இரவு மட்டும் அங்கே இருந்தார்கள். கொட்டிலுக்குக் கதவு வந்ததே அவர்களால்தான். எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி, தட்டி நிமிர்த்தி அடித்த தகரக் கதவு. இடுப்புக்கு மேலே திறந்து கிடந்த இடத்தையும் அவர்கள்தான் கிடுகால் அடைத்தது. இந்தக் கதையை அம்மம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. ஒவ்வொரு தரமும், "கிணத்தில அள்ளவும் விட்டனாங்கள்" என்று முடிப்பா. அது ஏன் சொல்லவேண்டிய விசயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தத் தகரக் கதவை மாமா பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது நிற்பது பூவேலைப்பாடு செய்த பழைய முதிரைக் கதவு. படம் எடுக்கிற எல்லாரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். யாழ்ப்பாணத்து வீடொன்றின் கதவுதான், ஆனால் எந்த வீடு என்று வித்தவருக்கும் தெரியாதாம். சண்டைக்காலத்தில் எத்தனை வளவுகளில் கதவு, யன்னல், ஓடு, தீராந்தி எல்லாம் கழன்று போனது என்று எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வலிகாமம் வடக்கில் காணி விட்டபிறகு திரும்பிப் போனவர்கள் பலர் அத்திவாரத்தைத்தான் தேடிப் பிடித்தார்கள். மாமாவுக்கு இதை வட்சப்பில் எழுதினேன். "அந்த வசாவிளான் பெடியனோட நான் கிரிக்கெட் விளையாடினனான்" என்று பதில் வந்தது. கதவைப் பற்றி ஒன்றும் இல்லை.

சிரட்டையைப் பற்றி ஃபோனிலேயே கதைத்தோம், இரண்டு மணித்தியாலம். மாமா சாதி பார்க்கிற ஆள் இல்லை, அவரின் கூட்டாளிகளில் எல்லாரும் இருக்கினம். கேரளாவில் கொடுக்கிறார்கள், பாலித்தீவில் கொடுக்கிறார்கள், பிளாஸ்ரிக்கை விட நல்லதுதானே என்றார். எல்லாம் சரி. அங்கேயெல்லாம் சரியாக இருக்கலாம் மாமா, இந்தக் கொட்டிலின் இறப்பில் சிரட்டை செருகிக் கிடந்திருக்கிறது என்றேன். கனநேரம் சத்தம் இல்லை. "எனக்கும் ஞாபகம் இருக்கு" என்றார்.

இப்போது தேத்தண்ணி கோப்பையில் போகிறது. என்ர வரியை அட்டையில் இருந்து எடுத்துவிட்டேன். ஆனால் இருநூறு சிரட்டை கிடக்குதே, அதனால் ஐஸ்கிறீம் சிரட்டையில்தான். அதோடு நான் தோற்றுவிட்டேனா வென்றுவிட்டேனா என்று தெரியவில்லை. கொட்டிலில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு சின்னப் பலகை எழுதி வைப்போம் என்று கேட்டதற்கு அம்மம்மா, "நான் செத்தாப் பிறகு எழுது" என்றா. அம்மம்மா இதை வாசிக்க மாட்டா. மாமா வாசிப்பார். கன்ரீனில் கேட்டவளிடம் இதை முதலே காட்டினேன். தன் அப்பப்பாவைப் பற்றி எழுதினதை அப்படியே விடச் சொன்னாள், மற்றதெல்லாம் என் பாடு என்றாள். கடைக்கு அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு புதுப் பிரச்சினை. மாமா இடுப்புச்சுவரின் உள்பக்கத்துக்குச் சீமெந்து பூசி வெள்ளைப் பெயின்ற் அடித்திருந்தார். முழங்கால் உயரத்தில் அது கொப்பளம் கொப்பளமாக ஊதி உதிர்ந்தது. மழைநாளில் லேசாக மாட்டு மணமும் வரும். பொடியள் ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள். மேசன் ஐயா வந்து, நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "உப்பு. ஐம்பது அறுபது வருச மூத்திரம் ஊறின சுவர். சீமெந்து போட்டு அடைச்சால் உப்புக்கு வெளிய வர வழியில்லை, பெயின்ரைத் தள்ளிக்கொண்டுதான் வரும். எல்லாத்தையும் கொத்திப் போட்டு, காய விட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசவேணும். பூசினாலும் இரண்டு மாரிக்குக் கொஞ்சம் கொஞ்சமா வந்துகொண்டுதான் இருக்கும்."

மாமா ரைல் ஒட்டச் சொல்கிறார். மேசன் ஐயா, ரைலும் கழரும் என்கிறார். வடக்குச் சுவரை மட்டும் கொத்தியிருக்கிறோம், களிமண்ணும் கல்லும் தெரிய நிற்கிறது. மிச்சம் தைப்பொங்கலுக்குப் பிறகு, மாமா வந்துதான்.