மிச்சமான நேரம் யாருக்கு?

ஃபிராங்க் கில்பிரத் என்ற அமெரிக்கர் இளம் வயதில் கொத்து வேலை கற்றுக்கொண்டார். ஒரு செங்கல்லைச் சுவரில் வைப்பதற்குள் கொத்தனார் எத்தனை முறை குனிகிறார், நிமிர்கிறார், திரும்புகிறார் என்று அவர் எண்ணிப் பார்த்தார். 18 அசைவுகள் தேவைப்பட்டன. பிறகு, செங்கற்களைத் தரையில் குவிக்காமல் இடுப்பு உயரத்தில் அடுக்கி வைக்கும்படி செய்தார். அசைவுகள் ஏறத்தாழ ஐந்தாகக் குறைந்தன. கொத்தனாரின் கை முன்பைவிட வேகமாக ஓடவில்லை. வீணாகக் குனிவதுதான் நின்றது.

அவருடைய மனைவி லில்லியன் கில்பிரத் (1878–1972) உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1924-இல் கணவர் இறந்தபோது பதினொரு பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. ஒரு பெண்ணை ஆலோசகராக அமர்த்தத் தொழில் நிறுவனங்கள் தயங்கிய காலம் அது. ஆகவே அவர் தம் கவனத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் இடையே எத்தனை முறை நடக்க வேண்டியிருக்கிறது, மேடையின் உயரம் முதுகை வளைக்கிறதா என்றெல்லாம் ஆராய்ந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியை அவருடைய கண்டுபிடிப்பு என்றே பலரும் குறிப்பிடுகிறார்கள்.

வீட்டைத் துப்புரவு செய்ய நேரமில்லை என்று சொல்பவர்கள் இன்று முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். புதிய கருவி ஒன்று வேலையைக் குறைத்துவிடும் என்று நம்புகிறார்கள். கில்பிரத் தம்பதியரோ முதலில் நடையை எண்ணினார்கள்.

சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்திலுள்ள நான்கறை வீவக வீடு ஒன்றிலும் ஒருமுறை இப்படி எண்ணிப் பார்த்தார்கள். அந்த வீட்டு அம்மா தாதியாக வேலை செய்கிறார். முறை வேலை என்பதால் வாரத்தில் ஒரு நாள்தான் அவருக்கு முழு ஓய்வு. அந்த நாளின் காலைப்பொழுது முழுவதும் துப்புரவு வேலையிலேயே கழிந்துவிடும். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் கோடுகள் போட்டுக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா எழுதிக்கிட்டு இருக்கே? வந்து இந்த வாளியத் தூக்கு," என்றார் அம்மா.

நண்பகலில் அந்தத் தாளைப் பார்த்து அம்மாவே வியந்துபோனார். சாமான் அறைக்கு 9 முறை, சமையலறைக்கு 11 முறை, பழைய துணியைத் தேடி 4 முறை அவர் நடந்திருந்தார். தேய்ப்பதிலும் துடைப்பதிலும் செலவான நேரத்தைவிட, தேய்ப்பதற்கான பொருளை எடுக்கப் போய்வந்த நேரமே அதிகமாக இருந்தது!

அடுத்த வாரமே இரண்டு குளியலறைகளிலும் தனித்தனியே ஒரு தூரிகை, ஒரு துணி, ஒரு சவர்க்காரப் புட்டி வைக்கப்பட்டன. செலவு சில வெள்ளிதான். குளித்து முடிப்பவர் ஒவ்வொருவரும் சுவரில் தங்கிய நீரை ரப்பர் பட்டையால் வழித்துவிட வேண்டும் என்றும் முடிவாயிற்று. அதற்கு அரை நிமிடம் போதும். சிங்கப்பூர்க் காற்றில் எப்போதும் ஈரப்பதம் மிகுதி. ஈரமாகவே விடப்பட்ட சுவரில் பூஞ்சை எளிதில் படரும். படர்ந்தபின் அதைத் தேய்த்து அகற்ற அரை மணி நேரம்கூடப் போதாது. தாளித்தபோது அடுப்பைச் சுற்றித் தெறித்த எண்ணெயும் அப்படித்தான். அடுப்பை அணைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் துடைத்தால் ஒரே துடைப்பில் போய்விடும். நாள்பட்டால் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும்.

பாட்டிக்கு இவையெல்லாம் புதிதல்ல. அவர் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே விடிகாலையில் வாசலில் நீர் தெளித்த பிறகுதான் ஈர்க்குமாற்றை எடுப்பார்களாம். நீர் தெளிக்காவிட்டால் தூசி எழும்பி மறுபடியும் வீட்டுக்குள்ளேயே வந்து படியும். பேத்தி தரையைக் கூட்டிய பிறகு மின்விசிறியைத் துடைக்கக் கண்ட பாட்டி, "மேல உள்ளத முதல்ல தட்டு. இல்லேன்னா ரெண்டு தடவ கூட்டணும்," என்றார். பழைய தலையணை உறையை விசிறியின் இறக்கைமீது மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

காத்திருப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது விந்தையாகத் தோன்றலாம். கழிவறையில் சவர்க்காரத்தை ஊற்றியவுடனே தேய்க்கத் தொடங்குபவர் தம் கைவலிமையைத்தான் செலவிடுகிறார். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் படுக்கையறையை ஒழுங்குபடுத்தப் போனால், அழுக்கு அதற்குள் இளகிவிடும். ஆனால், அவசரத்தில் ஒருபோதும் செய்யக்கூடாத செயல் ஒன்று உண்டு. வேகமாகச் சுத்தமாகும் என்றெண்ணிப் பிளீச்சையும் அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு வெளிப்படும். குளியலறை போன்ற சிறிய அறையில் அது நுரையீரலையே பாதிக்கக்கூடும். காடியையும் பிளீச்சுடன் கலக்கக்கூடாது.

சில வேலைகளை ஒத்திப்போடவும் முடியாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரமே போதும். பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீர் மாதத் துப்புரவுக்காகக் காத்திருக்காது.

தெம்பனிஸ் வீட்டுக்கும் ஒரு தானியங்கித் தூசி உறிஞ்சி வந்தது. அதற்கு முன்பு சனிக்கிழமைதோறும் கூடத்தைக் கூட்டியவன் தம்பி. இயந்திரம் வந்ததும் அவன் பூப்பந்து விளையாடப் போய்விட்டான். ஆனால் இயந்திரம் ஓடுவதற்கு முன் நாற்காலிகளை மேசைமேல் ஏற்ற வேண்டும். தரையில் கிடக்கும் மின்கம்பிகளை எடுக்க வேண்டும். அதன் தூரிகையில் சிக்கும் முடியை வெட்டி எடுக்க வேண்டும். இவற்றைச் செய்தவர் அம்மா.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விளக்குகிறார். முன்பு கனமான கம்பளங்களை வெளியே தூக்கிச் சென்று அடித்துத் தூசி போக்க ஆண்களும் பிள்ளைகளும் உதவினார்கள். தூசி உறிஞ்சி வந்தபின் அந்த வேலை பெண் ஒருத்தியின் வேலையாயிற்று. வீடு இன்னும் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வளர்ந்தது. கருவி மிச்சப்படுத்திய நேரம் மற்றவர்களுக்குப் போனது.

மகள் இன்னொரு தாளை எடுத்தாள். இம்முறை எத்தனை நடை என்று எண்ணவில்லை, யாருடைய நடை என்று எழுதினாள். அப்பாவின் பெயருக்கு நேரே குளியலறைகள் வந்தன. தம்பியின் பெயருக்கு நேரே நாற்காலிகளும் தூரிகையும் வந்தன. தம்பி முணுமுணுத்தான், அப்பா தலையசைத்தார். அம்மாவுக்கு ஞாயிறு காலையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிஞ்சியது. முதல் வாரம் அவர் அந்த நேரம் முழுவதும் தூங்கினார்.

குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்தத் தாள் இன்னும் ஒட்டப்பட்டிருக்கிறது. சவர்க்காரம் தீர்ந்துபோனதைக் கவனித்து வாங்கிவருவது யார் என்பது மட்டும் அதில் இன்னும் எழுதப்படவில்லை.