உறைபனி ஊட்டியில் உதைத்தும் கிளம்பாத பைக்

ஜனவரி மாத ஊட்டியைப் பகல் 11 மணிக்குப் பார்த்தால் வெயிலும் நீலவானமுமாகச் சிரிக்கும். அதே ஊரை விடியற்காலை 5 மணிக்குப் பார்க்கவேண்டும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என எங்கு பார்த்தாலும் புல்வெளியில் உப்பைக் கொட்டியதுபோல வெள்ளை. நவம்பர் வாக்கில் நீர்ப்பனியாக ஆரம்பிப்பது, போகப்போக உறைபனியாகிவிடும். வெளியே நிற்கும் பைக் சீட்டில் விரலால் பெயர் எழுதலாம்.

அந்த நேரத்தில் லாட்ஜ் வாசல்களில் ஒரே சத்தம்தான். 'கர்ர்... கர்ர்... டொக்!' முந்தின நாள் சமவெளியிலிருந்து உற்சாகமாக ஏறிவந்த பைக்குகள், காலையில் அசைய மறுக்கின்றன.

டூரிஸ்ட்டுக்கு இது ஒரு மணி நேர எரிச்சல், அவ்வளவுதான். முத்தோரை பாலாடா, கேத்தி பாலாடா பக்கம் கதையே வேறு. பொழுது விடியும் முன்பே கேரட் அறுவடைக்கும், கழுவி மூட்டை பிடிக்கவும் ஆட்கள் கிளம்பவேண்டும். வண்டி கிளம்பவில்லையென்றால் அன்றைய கூலி போச்சு. அதனால் இங்குள்ளவர்கள் ராத்திரியே பைக்கை இறக்கத்தைப் பார்த்து நிறுத்துகிறார்கள். என்ஜின்மேல் பழைய சாக்கைப் போர்த்துகிறார்கள். குரங்கு குல்லா மனிதனுக்கு, சாக்கு வண்டிக்கு!

குளிரில் வண்டி ஏன் முரண்டு பிடிக்கிறது? பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. என்ஜின் ஆயில் கெட்டியாகும். பேட்டரியின் பலம் குறையும். போதாததற்கு ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் இங்கே கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டிக்கு அது தெரியாது. மெல்லிய காற்றிலும் சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பாலாடா பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, திருப்பூர் பையன்கள் இருவர் பழைய பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "ஏனுங்ணா, அரை மணி நேரமா உதைக்கறோம்..." என்றான் ஒருவன். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடவில்லை. சிவப்பு கில் ஸ்விட்ச்சைப் பார்த்தார், பெட்ரோல் காக்கை ரிசர்வுக்குத் திருப்பினார், சைடு ஸ்டாண்டை மடக்கினார். (பாதி வண்டிகள் இந்த இடத்திலேயே கிளம்பிவிடுமாம். பையன்களின் வண்டி கிளம்பவில்லை.) அப்புறம்தான் பிளக்கைக் கழற்றினார். கறுத்து, பெட்ரோலில் ஊறியிருந்தது.

"ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, நெருப்புதான் பத்தலை. காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரலைன்னு அர்த்தம் தம்பி" என்றார். இந்த ஒரு பிரிவினை போதும், எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துவிடும்.

பிளக்கைத் துடைத்து, காயவைத்து மாட்டினார். பெட்ரோலை அடைத்து, சோக்கை விடுவித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து ஏழெட்டு உதை. உள்ளே தேங்கியது வெளியேறட்டும் என்பதற்காக. மறுபடி பெட்ரோலைத் திறந்து ஒரே உதை. இருமிக்கொண்டே உயிர் வந்தது. சோக் போடுவது முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குத்தான். மலையில் அதை மறந்து இழுத்தபடியே வைத்தால் பிளக் சீக்கிரம் கரி பிடிக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகள் பெரும்பாலும் எஃப்.ஐ. ரகம். அவற்றில் கையால் இழுக்கும் சோக் கிடையாது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் 'ஸ்ஸ்' என்று இரண்டு மூன்று விநாடி ஓடும். அது அடங்கியபின், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் செல்ஃப் அடிக்கவேண்டும். ஐந்து விநாடிக்குமேல் பட்டனை அமுக்கிப் பிடிக்காதீர்கள். சற்று இடைவெளி விடுங்கள், பேட்டரி மூச்சு வாங்கிக்கொள்ளும்.

அதுவும் பலிக்கவில்லையென்றால் ஊட்டியின் பெரிய வரம் இருக்கிறது: இறக்கம்! சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சைப் பிடித்தபடி உருட்டி, வேகம் வந்ததும் சட்டென்று விடுங்கள். கூட்டமில்லாத சின்னச் சரிவு போதும். பேட்டரி அடியோடு செத்திருந்தால் எஃப்.ஐ. வண்டிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. பம்ப் ஓடவே கொஞ்சம் மின்சாரம் வேண்டும். என்ஜினுக்கு அடியில் நெருப்பு மூட்டிச் சூடேற்றும் வீரர்களையும் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் டேங்குக்குக் கீழே நெருப்பா! அந்தப் பக்கமே நிற்கவேண்டாம்.

வண்டி கிளம்பாத கடுப்பில், என்ஜினை அணைத்தபடியே குன்னூர்வரை உருட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். மலைப்பாதையில் பாதி பிரேக் என்ஜின்தான். தாழ்ந்த கியரிலேயே மெதுவாக இறங்குங்கள். பர்லியாறு தாண்டும்போது ஸ்வெட்டரைக் கழற்றவேண்டியிருக்கும். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு வந்து தொட்டால், வண்டி தொட்டவுடன் கிளம்பும்.