இரவல் தரும் இயந்திரம்

சிங்கப்பூர்ப் பொது நூலகங்களில் வாசகரே தம் நூல்களை இயந்திரத்தில் பதிந்து எடுத்துச் செல்கின்றனர். 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஆர்.எஃப்.ஐ.டி. வில்லைகளோடு தொடங்கிய முறை இது. கண்டி டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகத்துக்கு இது பொருந்துமா என்று அங்கு வாழும் நண்பர் கேட்டிருந்தார்.

பொருந்தும். ஆனால், விலையைப் பார்க்குமுன் மூன்றைச் சோதிக்க வேண்டும்.

முதலாவது, மின்சாரம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. மின்கலத்தில் இயங்கி, இணைப்பு அறுந்தாலும் இரவலைத் தன்னுள் பதிந்து, பின்னர் மையக் கணனிக்கு அனுப்பும் இயந்திரமே நமக்கு உதவும்.

இரண்டாவது, நூலக மென்பொருளோடு அது 'சிப்2' போன்ற பொது நியமத்தில் தொடர்புகொள்ள வேண்டும். இல்லையேல் விற்றவர் கடையை மூடும் நாளில் அது வெறும் இரும்புப் பெட்டி.

மூன்றாவது, மொழி. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும், தமிழ்ப் படிவம் இல்லாத இடங்களில் நமக்குக் கைகொடுத்தவர் மேசைக்குப் பின்னாலிருந்த மனிதரே. அவருடைய இடத்தில் இயந்திரம் வந்து, திரையிலும் பற்றுச்சீட்டிலும் தமிழ் இல்லையென்றால், தோட்டத்திலிருந்து பஸ்ஸேறி வரும் மாணவி நூலை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

ஆகவே, வாங்குமுன் அத்தகைய மாணவி ஒருத்தியை, யாருடைய உதவியுமின்றி, ஒரு நூலை எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.