கழுவுமிடத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்

துரைப்பாக்கம் ரேடியல் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கிறது இந்த டீடெய்லிங் கடை. முகப்பில் ஏசி அறை, சோபா, கோட்டிங் பாட்டில்கள் அடுக்கிய அலமாரி. உட்காரச் சொன்னார்கள். "முதல்ல வண்டி கழுவுற இடத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். உரிமையாளர் தயங்காமல் பின்பக்கம் அழைத்துப் போனார். அக்கா கறுப்பு நிறக் கார் பதிவு செய்திருக்கிறாள். டெலிவரிக்கு முன்பே நல்ல கடையாகப் பார்த்து வைக்கும் பொறுப்பு என்னுடையது.

அங்கே ஒரு வெள்ளை எஸ்யூவி நின்றது. நுரை அடித்து ஊறவிட்டு, பிரஷர் தண்ணீரில் மண்ணை இறக்கிய பிறகுதான் பையன் வண்டியில் கை வைத்தான். இரண்டு பக்கெட். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர். இரண்டின் அடியிலும் சல்லடைத் தட்டு. மண் அதற்குக் கீழே தங்கிவிடும். கூரையில் தொடங்கிக் கீழே வந்தான். வீலுக்குத் தனித் துணி. நடுவில் மைக்ரோஃபைபர் துணி ஒன்று தரையில் விழுந்தது. அதை எடுத்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வேறு துணி எடுத்துக்கொண்டான். "கீழ விழுந்தது வண்டி மேல போகக் கூடாதுண்ணே" என்றான். இந்தக் கடையை நம்பலாம் என்று எனக்குப் பட்டது அந்த நொடியில்தான்.

கழுவுவதில் ஏன் இவ்வளவு கவனம் என்பது உள்ளே போனபோது விளங்கியது. அங்கே நின்ற ஒரு வண்டியின் கதவில், பெயின்ட் தடிமனை அளக்கும் கேஜை வைத்துக் காட்டினார் உரிமையாளர். 112 மைக்ரான். கம்பெனியிலிருந்து வரும் பெயின்டின் மொத்தத் தடிமன் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். அதில் பளபளப்பைத் தரும் மேலடுக்கான கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான், ஒரு தலைமுடியை விட மெல்லியது. பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அந்த அடுக்கிலிருந்துதான் கொஞ்சம் சீவி எடுக்கிறார்கள். போனது திரும்ப வராது. ஆகவே எவ்வளவு குறைவாகப் பாலிஷ் போடலாம் என்று யோசிப்பவர்தான் நல்ல டீடெய்லர்.

"புது வண்டிக்கு எதுக்குங்க கேஜ்?" என்றேன்.

"ஸ்டாக் யார்டுல உரசி, பெயின்ட் அடிச்சு வர்ற வண்டியும் உண்டு சார். ஒரு பேனல் மட்டும் 250, 300னு காட்டினா மறுபடி அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

அப்படிப்பட்ட பேனல் முழுதாக உலர வாரக்கணக்கில் ஆகும். அதற்குமுன் கோட்டிங் போடக்கூடாது. கம்பெனிப் பெயின்டோ 140 டிகிரி வாக்கில் சூட்டில் வைத்து எடுத்தது. முதல் நாளே போடலாம்.

பக்கத்தில் ஒரு கறுப்பு செடான், வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். டியூப் லைட்டில் அழகாகத்தான் இருந்தது. எல்இடி விளக்கைப் பானெட் மேல் பிடித்தார். வெளிச்சத்தைச் சுற்றி வட்ட வட்டமாக ஆயிரம் மெல்லிய கீறல்கள். யாரும் கல்லால் கீறவில்லை. அபார்ட்மென்டில் தினமும் காலையில் துடைத்ததில் வந்தவை. ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணி, வரிசையாகப் பல வண்டிகள். துடைப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்? மாதத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்து, விடிவதற்குள் அத்தனை வண்டியையும் முடிக்கச் சொல்வது நாம்தானே. அக்காவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லப் போகிறேன்: அவருக்குச் சம்பளம் அப்படியே இருக்கட்டும், கண்ணாடியை மட்டும் துடைக்கட்டும், பெயின்ட் மேல் துணி படவேண்டாம்.

பிறகு கோட்டிங் பேச்சு. செராமிக் கோட்டிங் என்பது சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட, மிக மெல்லிய அடுக்கு. தண்ணீர் நிற்காமல் ஓடும், அழுக்கு சுலபமாகக் கழன்றுவிடும், பறவை எச்சத்தின் அமிலம் உள்ளே இறங்கக் கொஞ்சம் அவகாசம் எடுக்கும். அவ்வளவுதான். பாட்டிலில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்தின் கடினத்தை அளக்கும் அளவுகோல் வேறு. "கல் அடிக்கு இது நிக்காது சார். போர் தண்ணி காய்ஞ்சா உப்பு வட்டமும் விழும்" என்று அவரே சொன்னார். சென்னையில் இது பெரிய விஷயம். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் எந்தக் கோட்டிங்கும் காப்பாற்றாது.

கல் அடிக்கு பிபிஎஃப், அதாவது பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் ஃபிலிம், 150 முதல் 200 மைக்ரான். வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளை மணலிலிருந்து காக்க 3எம் நிறுவனம் உருவாக்கிய ஃபிலிமின் வழிவந்தது. நல்ல ஃபிலிமில் விழும் சிறு கீறல் வெயில் சூட்டிலேயே மறையும். மலிவான பிவிசி ஃபிலிம் மஞ்சளாகிவிடும். எப்படி வெட்டுகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். இங்கே பிளாட்டர் இயந்திரத்தில் அந்த மாடலுக்கேற்ப முன்பே வெட்டிவிடுகிறார்கள். வண்டி மேலேயே பிளேடு ஓட்டினால், காக்க வந்ததே பெயின்டைக் கீறிவிடும்.

இதற்குமுன் வேறொரு கடைக்கும் போயிருந்தேன். வாழ்நாள் வாரன்டி, சாவியால் கீறினாலும் ஒன்றும் ஆகாது, மதியத்துக்குள் வண்டி தயார் என்றார்கள். கழுவுமிடத்தைக் காட்டவில்லை. வாரன்டி அட்டையின் பின்பக்கத்தில், ஒவ்வோர் ஆண்டும் அதே கடையில் பணம் கட்டிப் பராமரிக்காவிட்டால் செல்லாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதோடு கிளம்பிவிட்டேன்.

இந்தக் கடையில் கழுவிக்கொண்டிருந்த அந்த வெள்ளை எஸ்யூவியும் புது வண்டிதான். அயர்ன் ரிமூவர் தெளித்ததும் வெள்ளைக் கதவில் ஊதா நிறம் வடியத் தொடங்கியது. வழியிலும் யார்டிலும் படிந்த இரும்புத்தூள். அதை எடுத்தபின் களிமண் போன்ற கிளே, தேவைப்பட்டால் லேசான பாலிஷ், பிறகுதான் கோட்டிங். ஒரு நாள் உள்ளேயே நிற்கவேண்டும். ஒரு வாரம் கழுவக்கூடாது.

அக்காவின் காருக்கு முடிவு செய்தது இது: முன் பம்பர், பானெட், சைடு மிரர்களுக்கு பிபிஎஃப். மற்ற இடங்களுக்கு செராமிக். அக்கா ஈசிஆரில் லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓட்டுபவள். இதுபோதும். ஷோரூமுக்கு எழுத்து மூலமாகச் சொல்லிவிட்டோம்: வண்டியைக் கழுவவேண்டாம், பாலிஷ் போடவேண்டாம், கம்பெனியிலிருந்து ஒட்டி வரும் பாதுகாப்பு ஃபிலிமை உரிக்கவேண்டாம்.

பூஜை பற்றியும் கேட்டேன். சந்தனம், குங்குமம், எலுமிச்சை எல்லாம் இருக்குமே. "தாராளமாப் பண்ணுங்க சார். பொட்டை மட்டும் கண்ணாடியில வைங்க. எலுமிச்சைச் சாறு பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திடுங்க. துடைக்காதீங்க, அப்படியே இங்க ஓட்டிட்டு வந்துடுங்க."